கடைமடைக் கோரையும் ஊதாக் குடுவையும்

ஊதா நிறத்தில் ஒரு கரைசல். அதில் ஒரு செடியின் சாற்றை ஊற்றி அரை மணி நேரம் இருட்டில் வைத்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு தஞ்சாவூரைச் சுற்றி எத்தனை பேர் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நானும் அவர்களில் ஒருத்தி என்பது மட்டும் தெரியும்.

விஷயம் இதுதான். நம் உடம்பில் செல்களைக் கெடுக்கிற சில மூலக்கூறுகள் உண்டாகின்றன. அவற்றை அடக்குகிற பொருளுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெயர். ஊதாக் கரைசலில் இருப்பது அந்தக் கெட்ட மூலக்கூறின் இடத்தில் நாங்கள் நிறுத்தி வைக்கிற ஒரு பதிலாள். பதிலாளை அடக்கினால் உடம்புக்குள் இருக்கிற நிஜ ஆளையும் அடக்கும் என்று வைத்துக்கொள்வோம். இந்த ‘வைத்துக்கொள்வோம்’தான் மொத்த ஆராய்ச்சிக்கும் அஸ்திவாரம். ஆனால் அந்தச் சொல்லை மட்டும் எந்தக் கட்டுரையிலும் பார்க்க முடியாது.

எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் முடித்த கையோடு ஒரு தனியார் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தேன். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகிற சாலையில் வயலைத் தூர்த்துக் கட்டிய கல்லூரி அது. மழைக்காலத்தில் லேப் தரையில் ஈரம் கசியும். நிலத்துக்கு இன்னும் பழைய ஞாபகம் போகவில்லை என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். எங்கள் ஊர் கடைமடைப் பகுதி. மேட்டூரில் திறந்த தண்ணீர் ஊர் ஊராகப் பாய்ந்து கடைசியில் எங்களிடம் வரும். சில வருஷம் வராது. அம்மாவும் அப்பாவும் நடவுக்கும் களையெடுக்கவும் கூலிக்குப் போய் என்னைப் படிக்க வைத்தவர்கள். நான் சேர்ந்த சமயத்தில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துச் சாகுபடி செய்துகொண்டிருந்தார்கள். நான் தஞ்சாவூரில் விடுதியில் தங்கியிருந்தேன். வார விடுமுறையில் ஊருக்குப் போவேன்.

என் நெறியாளருக்கு ஐம்பது வயதிருக்கும். ‘கைடு’ என்றுதான் எல்லோரும் சொல்லுவோம். அவர் அறையில் ஏசி உண்டு. சுவரில் அவர் எழுதிய கட்டுரைகளின் முதல் பக்கங்களை லேமினேட் செய்து, கல்யாண மண்டபத்தில் தலைவர்கள் படம் மாட்டுகிற மாதிரி வரிசையாக மாட்டியிருந்தார். கட்டுரை என்று சொல்ல மாட்டார், பேப்பர் என்பார். யாரைப் பற்றிப் பேசினாலும் அவருக்கு எத்தனை பேப்பர் என்பதில்தான் ஆரம்பிப்பார். திரவத்தை அளந்து உறிஞ்சுகிற பிப்பெட் குழாயை அவர் கையில் பிடித்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. அது கல்லூரி மலருக்குப் போட்டோ எடுத்த அன்று. அதையும் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

சேர்ந்த வாரமே கூப்பிட்டார்.

“என்ன செடி எடுக்கலாம்னு யோசிச்சியாம்மா?”

“கோரைக்கிழங்கு எடுக்கலாம்னு இருக்கேன் சார். எங்க ஊரு வயல் பூரா அதான்.”

கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தார். முகம் சுருங்கியது. “கோரையை எல்லாரும் எழுதிட்டாங்களேம்மா. கிழங்கு எழுதியாச்சு, இலை எழுதியாச்சு, எண்ணெய் எழுதியாச்சு.” கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று முகம் மலர்ந்தது. “உங்க ஊரு கடைமடைதானே?”

“ஆமா சார்.”

“கடைமடைக் கோரையை யாரும் எழுதல! அதையே எடு.”

இப்படித்தான் என் ஆராய்ச்சி பிறந்தது. மற்றவர்களுக்கும் இப்படித்தான். எங்கள் லேப்பில் ஒரு நொச்சி மரத்துக்கே பாகப்பிரிவினை நடந்திருந்தது. இலை ஒரு சீனியருக்கு, பட்டை என் தோழிக்கு, பூ அடுத்த வருஷம் சேரப்போகிறவருக்கு என்று ஒதுக்கீடு. தோழி என்று நான் சொல்வது என்னோடு அதே மாதத்தில் சேர்ந்தவளை. பக்கத்துப் பக்கத்து மேஜை, ஒரே டிபன் பாக்ஸ்.

கோரையைப் பற்றி வயல்வேலை செய்தவர்களிடம் கேட்க வேண்டும். பிடுங்கப் பிடுங்க அடியில் கிழங்கு விட்டுவிட்டு மறுபடி முளைக்கும். என் அம்மாவின் முதுகுவலியில் பாதிக்குப் பொறுப்பு அதுதான். அடுத்த வாரம் ஊருக்குப் போய் ஒரு பை நிறையக் கிழங்கு வேண்டும் என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எதுக்குடி?”

“மருந்துக் குணம் இருக்கான்னு பாக்கணும்மா.”

“இருந்துச்சுன்னா? இதையும் பயிரு பண்ணச் சொல்லுவாங்களா?”

அவள் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே பயந்துவிட்டாள்.

கிழங்கைக் கழுவி நிழலில் காயவைத்து, பொடித்து, மெத்தனாலில் கொதிக்கவைத்து வடித்தேன். கடைசியில் கிடைத்தது பனங்கருப்பட்டிப் பாகு போல ஒரு பழுப்புப் பிசின். அதைக் கரைத்து ஊதாவில் விட்டேன். அரை மணியில் ஊதா வெளுத்தது. எவ்வளவு வெளுத்தது என்பதை ஸ்பெக்ட்ரோ என்கிற ஒளி அளக்கும் மெஷினில் படித்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

“சூப்பர்மா,” என்றார் கைடு. “குறிப்பிடத்தக்க ஆற்றல்னு எழுதிடு.”

‘குறிப்பிடத்தக்க’ என்பது எங்கள் லேப்பின் குலதெய்வம். லேப் அலமாரியில் எனக்கு முன்னால் முடித்தவர்களின் ஆய்வேடுகள் நீல அட்டை போட்டு நின்றன. ஒருநாள் அத்தனையையும் எடுத்துக் கடைசி அத்தியாயத்தை மட்டும் படித்தேன். எல்லாச் செடிக்கும் குறிப்பிடத்தக்க ஆற்றல். சாலையோரச் செடி, கோயில் நந்தவனச் செடி, குளக்கரைச் செடி, ஒன்றுகூடச் சோடை போகவில்லை. இந்தச் செடியில் சொல்லும்படி ஒன்றும் இல்லை என்று ஒருவராவது எழுதியிருக்க வேண்டாமா? பரீட்சை எழுதின எல்லோரும் முதல் வகுப்பு என்றால் பரீட்சை மேல்தானே சந்தேகம் வர வேண்டும்? இதை நான் தோழியிடம் சொன்னேன்.

“சந்தேகம் இருந்தா டெஸ்ட் பண்ணிப் பாரு,” என்றாள். அவள் கையில் டீ கிளாஸ் இருந்தது. “முதல்ல இதை ஊத்திப் பாரேன்.”

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தோம். கல்லூரி வாசல் டீக்கடையில் டீத்தூள் வாங்கி வந்து, கோரைக்குச் செய்த அதே முறையில் வடித்து, அதே அளவு ஊற்றினேன். அரை மணி நேரம் காத்திருக்கத் தேவையே இல்லாமல் ஊதா காணாமல் போனது. நான் மூன்று மாதமாகச் சீராட்டிய கோரை, டீக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அப்புறம் எங்களுக்கு வெறி பிடித்துவிட்டது. வைக்கோல், வாழைப்பழத் தோல், கேன்டீனில் மீந்த புளி, எல்லாவற்றையும் வடித்து ஊற்றினோம். எல்லாம் மஞ்சளானது. கடைசியாகத் தோழி போய் கைடு அறை வாசலில் கிடந்த தேங்காய்நார் மிதியடியிலிருந்து ஒரு கொத்து நார் பிய்த்துக்கொண்டு வந்தாள். அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் அப்புறம் சிரித்ததில்லை. கடைமடைக் கோரையைவிட மிதியடி ஒரு படி மேலே இருந்தது.

மிதியடியை விட்டுவிட்டு, டீயையும் வைக்கோலையும் மட்டும் அட்டவணையில் சேர்த்துக் கைடிடம் கொண்டுபோனேன்.

“டீயை யார் சேர்க்கச் சொன்னா?”

“ஒப்பிடத்தான் சார்.”

“ஒப்பிடறதுக்குத்தான் சுத்தமான வைட்டமின் சி இருக்கே. எல்லாரும் அதைத்தான் வைக்கிறாங்க. வைட்டமின் சி கிட்ட தோத்தா அது மரியாதை. டீகிட்ட தோத்தா நல்லா இருக்குமா?”

அட்டவணையில் அந்த இரண்டு வரிகளையும் அவரே பேனாவால் அடித்தார். அடித்த கோடு நேராக இருக்க வேண்டும் என்று ஸ்கேல் வைத்து அடித்தார். அந்த மனிதர் விஞ்ஞானத்தில் காட்டிய ஒரே துல்லியம் அதுதான்.

மூன்றாம் வருஷம் பொடிக்காரர் வந்தார். கல்லூரித் தாளாளரின் சொந்தக்காரர். பல வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பியவர். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நிறைய நிலம் உள்ள குடும்பம். அவர் வயல்களில்தான் என் அம்மா வாலிப வயது முழுக்கக் கோரை பிடுங்கினாள். இப்போது அதே கோரைக்கிழங்கைக் காயவைத்துப் பொடித்து டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கியிருந்தார். டப்பாவின் மேல் கோரை என்ற சொல்லே கிடையாது. முத்தக்காசு என்று சித்த வைத்தியத்தில் உள்ள பெயர் போட்டிருந்தது. ‘முதுமையை விரட்டும்’ என்று கீழே ஒரு வரி. அதன் கீழே எழுபது வயதில் ஓடுகிற ஒரு வெள்ளைக்காரரின் படம். எங்கள் தெருப் பெண்கள்தான் கிழங்கு தோண்டிக் கொடுத்தார்கள். அம்மாவும் போனாள். “புடுங்கி வரப்புல போட்டதை இப்ப பொறுக்கியாரச் சொல்றாங்க,” என்றாள், அதிசயம் போல.

அவருக்கு வேண்டியது டப்பாவில் போட ஒரு வரி: பரிசோதனைக் கூடத்தில் நிரூபிக்கப்பட்டது.

“நம்ம பொண்ணு கோரையிலதான் வேலை பண்ணுது, ரெண்டு நாள்ல முடிச்சிடும் அண்ணே,” என்று கைடு என்னைக் காட்டினார்.

பொடியை வடித்து ஊதாவில் விட்டேன். ஒரு சொட்டுதான். கண்ணெதிரே மஞ்சளாகிவிட்டது. நான் அளவு தவறிவிட்டேன் என்று நினைத்து மறுபடி செய்தேன். அதே கதை. என் கோரையைவிட எத்தனையோ மடங்கு வேகம். இரண்டும் ஒரே ஊர் மண்ணில் முளைத்தது. இரண்டையும் தோண்டியது அநேகமாக என் அம்மா. கொஞ்சம் பொடியை எடுத்து நாக்கில் வைத்தேன். கோரைக்கிழங்கு கசக்கும், லேசாக வாசனை அடிக்கும். இது புளித்தது.

லேப்பில் ஒரு எளிய சோதனை உண்டு. வெள்ளை மாவு பூசிய தட்டில் வரிசையாகப் பொட்டு வைத்து, ஒரு திரவத்தில் நிறுத்தினால் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு உயரத்துக்கு ஏறும். ஒரு பொட்டு பொடி, ஒரு பொட்டு என் கோரை, ஒரு பொட்டு சுத்தமான வைட்டமின் சி வைத்தேன். பொடியும் வைட்டமின் சியும் அக்கா தங்கை மாதிரி ஒரே உயரத்தில் நின்றன. என் கோரையில் அந்த உயரத்தில் எதுவும் இல்லை. பொடியில் வைட்டமின் சியைக் கலந்திருந்தார்கள்.

தட்டை எடுத்துக்கொண்டு போனபோது கைடு அறையில் பொடிக்காரரும் இருந்தார். நான் சொன்னதைக் கேட்டு கைடு திடுக்கிட்டார். பொடிக்காரர் திடுக்கிடவே இல்லை.

“ஆமாம்மா, கொஞ்சம் கலக்கறோம்,” என்றார் சிரித்துக்கொண்டே. “கெட்டுப்போகாம இருக்கும்னு சொன்னாங்க. வைட்டமின்தானே? விஷமா கலந்துட்டோம்?”

“அப்படின்னா நிறத்தை மாத்துறது கோரை இல்லீங்க. நீங்க கலந்ததுதான்.”

“எது மாத்தினா என்னம்மா, டப்பாக்குள்ள இருக்கறதுதானே மாத்துது!”

நேர்மையாகச் சொன்னால், எங்கள் லேப்பில் நான் கேட்ட வாதங்களிலேயே இதுதான் தெளிவானது.

அவர் போனதும் கைடு குரலைத் தாழ்த்தினார். “ரிப்போர்ட்ல ஆற்றல் எவ்வளவுன்னு மட்டும் போடு. கலப்படம், அது இதுன்னு நம்மளை யாரும் கேக்கல.”

நான் கண்டதை எழுதினேன். பொடியில் வைட்டமின் சி சேர்க்கப்பட்டிருக்கிறது, ஆற்றல் பெரும்பாலும் அதனுடையது என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் படித்தார். மடித்து மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். மறுநாள் வேறு ஒரு ரிப்போர்ட் தயாராக இருந்தது. ‘குறிப்பிடத்தக்க’ என்பது போதாது என்று ‘மிகக் குறிப்பிடத்தக்க’ என்று போட்டிருந்தார்கள். அடியில் என் தோழியின் கையெழுத்து.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “நீ அந்தப் பொடியைத் தொடவே இல்லையேடி!”

அவள் அப்போது ஏழு மாதக் கர்ப்பம். முகமெல்லாம் வீங்கியிருந்தது. “குழந்தை பொறக்கறதுக்குள்ள தீசிஸ் சப்மிட் பண்ணலைன்னா எங்க வீட்ல என்னை மறுபடி லேப்புக்கு அனுப்ப மாட்டாங்க. சார் கையெழுத்துப் போட்டாத்தான் சப்மிட் பண்ண முடியும். இதுல நான் யோசிக்க என்ன இருக்கு?” என்றாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு டிபன் பாக்ஸைத் திறந்தாள். அன்றைக்கு நான் அவளோடு சாப்பிடவில்லை. அது சின்னத்தனம் என்று இப்போது தெரிகிறது.

அடுத்த மாதம் கல்லூரி அரங்கில் பொடியின் அறிமுக விழா. குத்துவிளக்கு, பொன்னாடை, நாதஸ்வரம் எல்லாம் உண்டு. தலைமை விருந்தினர் ஓய்வுபெற்ற ஓர் அதிகாரி. மேடையில் நேரடிச் செய்முறை காட்டப் போவதாகக் கைடு முடிவு செய்திருந்தார். எனக்கும் வேலை கொடுத்தார். தோழியால் அவ்வளவு நேரம் நிற்க முடியாது, மற்றவர்களுக்கு ஊதாக் கரைசலைச் சரியாகக் கலக்கத் தெரியாது. அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்.

மேஜையில் இரண்டு குடுவை ஊதா. ஒன்றில் பொடி, மற்றது ஒப்பிட்டுப் பார்க்கச் சும்மா. கைடு வெள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு, மைக்கில், “இந்த ஊதாதான் முதுமை! இப்ப பாருங்க!” என்றார். நான் பொடிக் கரைசலை ஊற்றினேன். ஊதா மஞ்சளானது. அரங்கு அதிரக் கைதட்டல். கோயில் விழாவில் கற்பூரம் காட்டும்போது வருகிற முகபாவம் எல்லோர் முகத்திலும் இருந்தது. முதல் வரிசையில் இருந்த ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

தலைமை விருந்தினர் நல்ல மனிதர். அவருக்கு ஒரு நியாயமான சந்தேகம் வந்தது. “வேற எதை ஊத்தினாலும் இப்படி மாறுமா, இல்ல இதுக்கு மட்டும்தானா?” என்று மைக்கிலேயே கேட்டார்.

“இந்த மாதிரி ஆற்றல் உள்ள மூலிகைக்கு மட்டும்தான் சார்,” என்றார் கைடு.

விருந்தினருக்குச் சர்க்கரை வியாதி. அவர் முன்னால் பால், சர்க்கரை இல்லாத டீ ஒரு கண்ணாடி டம்ளரில் ஆறிக்கொண்டிருந்தது. அங்கே வரும்போது நான் எதையும் திட்டம் போடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். அந்த டம்ளரைப் பார்த்ததும் கை தானாகப் போனது.

“சார், உங்க டீயைக் கொஞ்சம் எடுத்துக்கலாமா?”

“தாராளமா எடுத்துக்கம்மா.”

இரண்டாவது குடுவையில் ஊற்றினேன். ஊதா வெளுத்தது. இனி அரங்கம் அமைதியாகும், யாராவது எழுந்து கேள்வி கேட்பார்கள், கைடின் சாயம் எல்லோர் முன்னாலும் வெளுக்கும் என்று நினைத்தேன்.

முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள்.

நிகழ்ச்சியின் இரண்டாம் பகுதி இது என்று நினைத்துவிட்டார்கள். நான் மைக் பக்கம் போவதற்குள் கைடு அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். விருந்தினர் காதருகே குனிந்து, “சார், டீக்கும் மாறும். வைக்கோலுக்கும் மாறும். இந்தப் பொடியில மாத்தறது கோரை இல்ல, கலந்திருக்கிற வைட்டமின் சி,” என்று முடிந்த வேகத்தில் சொன்னேன். அவர் கைதட்டல் சத்தத்தில் கையைக் காதில் குவித்துக் கேட்டுக்கொண்டார். தலையாட்டினார். எழுந்து மைக்கை வாங்கினார்.

“இந்தத் தங்கச்சி ஒரு முக்கியமான தகவல் சொல்றாங்க,” என்றார். “இந்தப் பொடியில வைட்டமின் சியும் இருக்காம்!”

மறுபடி கைதட்டல். பொடிக்காரர் எழுந்து நின்று எனக்குக் கும்பிடு போட்டார். கொஞ்ச நாளில் புது டப்பா வந்தது. அதில் ‘வைட்டமின் சி நிறைந்தது’ என்று மஞ்சள் நட்சத்திரத்துக்குள் அச்சடித்திருந்தார்கள். ஊரில் அம்மாவைப் பார்த்து, “உங்க பொண்ணு மேடையில பிரமாதமா பண்ணுச்சு,” என்று சொன்னாராம். அம்மாவுக்கு ஒரே பெருமை. நான் நடந்ததை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதான் எல்லாரும் கை தட்டுனாங்கள்ல, அப்புறம் என்னடி?” என்றாள்.

கைடு ஏமாறவில்லை. நான் என்ன செய்தேன் என்று புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான். அந்த வகையில் அவருக்கு ஒரு மரியாதை தரலாம். சத்தம் போடவில்லை. லேப் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டிய என் முன்னேற்ற அறிக்கை அவர் மேஜையில் கிடந்தது. “பாக்கறேன்மா, பாக்கறேன்” என்றே அரை வருஷம் ஓட்டினார். கடைசியில் நானே நெறியாளரை மாற்ற மனுக் கொடுத்தேன். கோப்பு நகர்ந்து முடிய ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. அந்த வருஷம் ஊரில் இருந்து அம்மாவோடு நடவு நட்டேன். நீ டாக்டர் ஆகியிருக்க வேண்டியவளாயிற்றே என்று வரப்பில் போகிற ஒவ்வொருவரும் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

புது நெறியாளர் ஓர் அரசுக் கல்லூரிப் பேராசிரியை. ஏசி இல்லை, லேமினேஷன் இல்லை. என் நோட்டுகளை எல்லாம் வாங்கிப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இந்த ரீடிங் எல்லாம் நீயே எடுத்ததா?”

“ஆமா மேடம்,” என்றேன்.

பொய். இதுவரை மற்றவர்களைச் சொல்லியே வந்துவிட்டேன், இனி என்னைச் சொல்ல வேண்டும். இரண்டாம் வருஷத்தில் ஸ்பெக்ட்ரோவின் விளக்கு எரிந்துபோய் நான்கு மாதம் மெஷின் துணி போர்த்திக் கிடந்தது. அந்தச் சமயத்தில்தான் என் முதல் பேப்பர் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு அளவையும் மூன்று முறை எடுத்திருக்க வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு முறை எடுத்ததுதான். “ஒண்ணு இருக்குல்ல? முன்னபின்ன கொஞ்சம் மாத்தி மூணாப் போட்டுக்க,” என்றார் பழைய கைடு. நானும் தோழியும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து புள்ளிக்குப் பின்னால் எண்களை இட்டு நிரப்பினோம். ரொம்ப ஒழுங்காக வந்தால் சந்தேகப்படுவார்கள் என்று சில எண்களை வேண்டுமென்றே கலைத்தோம். பேப்பர் அச்சில் வந்ததும், தோழியின் பெயருக்கு முன்னால் இருந்த என் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்பா அதை ஜெராக்ஸ் எடுத்து டீக்கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினார். பொடிக்காரர் வைட்டமின் கலந்தார். நான் எண்களைக் கலந்தேன். அவராவது கேட்டவுடன் ஒப்புக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து மேடத்திடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். “எல்லாத்தையும் முதல்லேர்ந்து எடு,” என்றார், அவ்வளவுதான். எடுத்தேன். ஒவ்வொன்றும் மூன்று முறை. கூடவே டீ, வைக்கோல், மேடம் கேட்டுக்கொண்டதால் மிதியடியும். கடைமடைக் கோரையில் ஊதாவை வெளுக்கிற குணம் கொஞ்சம் உண்டு, டீயைவிட மிகக் குறைவு, இதை வைத்து உடம்பைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்று ஆய்வேட்டை முடித்தேன். முன்பு வந்த பேப்பரின் எண்களை ஏன் பயன்படுத்தவில்லை என்று ஒரு பத்தியும் எழுதினேன். வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர் அந்தப் பத்தியில் விரலை வைத்து, “இது எதுக்கும்மா? அழகா இல்லையே. எடுத்துடேன்,” என்றார். நான் எடுக்கவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது.

பட்டம் கிடைத்தபின், அந்த முதல் பேப்பரை வெளியிட்ட ஜர்னலுக்கு எழுதினேன். என் கட்டுரையில் உள்ள எண்கள் சரியல்ல, அதைத் திரும்பப் பெற விரும்புகிறேன் என்று தெளிவாக எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். மூன்றாவது தடவை பதில் வந்தது. மதிப்பிற்குரிய விஞ்ஞானி அவர்களே என்று தொடங்கி, துறையில் என் ஆழ்ந்த அனுபவத்தைப் பாராட்டி, தங்கள் ஆசிரியர் குழுவில் சேரும்படி அழைத்திருந்தார்கள்.

தோழிக்குப் போன் செய்தேன். நடுவில் பேச்சு விட்டுப்போயிருந்தாலும் இதை வேறு யாரிடம் சொல்லிச் சிரிக்க முடியும்? அவள் இப்போது வேறொரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். மகன் பள்ளிக்கூடம் போகிறான். விஷயத்தைச் சொன்னேன்.

“எனக்கும் அந்த லெட்டர் வந்துச்சுடி,” என்றாள். “நான் சேந்துட்டேன். பிரமோஷனுக்குப் பாயின்ட் உண்டு.”

“அப்ப நீயே நம்ம பேப்பரை எடுத்துடேன்.”

“எனக்கு அதுல ஒரு அதிகாரமும் கெடையாது. வெப்சைட்ல போட்டோவும் பேரும் மட்டும்தான்,” என்றாள். பின்னால் அவள் மகன் ஏதோ கேட்டு அழுதான். “இருடா வரேன்,” என்று அவனிடம் சொல்லிவிட்டு, “அது பாட்டுக்குக் கெடக்கட்டும் விடுடி. யாரு படிக்கப் போறா?” என்றாள்.

படிக்கிறார்கள். போன மாதம், கோரையில் ஆராய்ச்சி செய்கிற ஒரு மாணவி மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். அந்தப் பேப்பரில் உள்ள என் எண்களோடு தன் எண்கள் ஒத்துப்போவதாக மகிழ்ச்சியோடு எழுதியிருந்தாள். உன் மெஷினின் விளக்கு எரிகிறதா என்று கேட்டுப் பதில் எழுதினேன்.